வகுப்பறைக்கும் நம்பிக்கை மையத்துக்கும் நடுவில்

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவமடைதல் பற்றி ஒரு முழுப் பாடம் இருக்கிறது. குரல் உடைவது, முகப்பரு, சுரப்பிகள், மாதவிடாய்ச் சுழற்சி எல்லாம் அதில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கின்றன. புத்தகத்துக்குக் கூச்சம் இல்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டும் கைக்குத்தான் கூச்சம். "இதை வீட்டுலயே படிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போனதைப் பார்க்காமல் பள்ளியைக் கடந்தவர்கள் நம்மில் குறைவு. நீலகிரியில் நான் படித்த பள்ளியிலும் அப்படித்தான் நடந்தது. பத்தாம் வகுப்பில் தாவர இனப்பெருக்கம் இரண்டு வாரம் ஓடியது. விலங்குகளின் பகுதி ஒரே மதியத்தில் முடிந்தது.

அந்த ஒரு பாடத்தை இந்த மலையில் மூன்று பிள்ளைகளின் கையில் வைத்துப் பார்ப்போம். ஒருத்தி கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் சிற்றூரிலிருந்து, பஸ் ஏறி டவுன் பள்ளிக்கு வரும் படுகர் வீட்டுப் பெண். இன்னொருவன் பந்தலூர்ப் பக்கம் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் லயனில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வளர்கிறவன். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். மூன்றாமவள் கூடலூர் வட்டத்தில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பணியர் சிறுமி. புத்தகம் மூவருக்கும் ஒன்றுதான். பாடத்தைப் படித்த பிறகு ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் போவது என்பதுதான் மூவருக்கும் வேறு வேறு.

முதல் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் எட்டும் தூரத்தில் இருக்கலாம். ஆனால் அங்கே டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் ஹட்டி முழுக்கத் தெரிந்துவிடும். லயன் பையனின் அப்பா அம்மா காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆஜர் எடுப்புக்கு, போனால் கொழுந்து எடை போட்ட பிறகுதான் வருவார்கள். அவனுக்கு அருகில் இருப்பது எஸ்டேட் மருந்தகம். அங்கே மாத்திரை தருகிறவருக்கு அவன் அப்பாவின் பெயரும் வருகைப் பதிவேட்டு (செக்ரோல்) நம்பரும் மனப்பாடம். உறைவிடப் பள்ளிச் சிறுமிக்கோ அம்மாவே தூரம். வகுப்பில் பேசுவது தமிழ், வீட்டில் பேசுவது பணிய மொழி. உடம்பைப் பற்றிய சொற்கள் அவளிடம் அந்த மொழியில்தான் இருக்கின்றன.

இந்த மூன்று பேரும் மூன்று துறைகளின் பொறுப்பு. டவுன் பள்ளி பள்ளிக் கல்வித் துறையுடையது. உறைவிடப் பள்ளியை நடத்துவது ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை. தோட்டத்தில் மருத்துவ வசதி செய்து தர வேண்டியது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதி வைத்தது. அது தொழிலாளர் துறையின் கண்காணிப்பு. அங்கன்வாடி சமூக நலத் துறை. கிராம சுகாதார செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையமும் சுகாதாரத் துறை. சுகாதாரமும் கல்வியும் சேர்ந்து பிள்ளைகளுக்குப் பாலியல் நலக் கல்வி தரப் போகின்றன என்று செய்தி வந்தால், சமவெளியில் அது இரண்டு துறை கைகோக்கும் சேதி. மலையில் மற்ற மூன்றும் எங்கே என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

இரண்டு துறைகளும் சேர வேண்டிய அவசியம் எப்படி வந்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பழைய கதை இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலா செல்லப்பனும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர் அது. நோயின் பெயரைச் சொல்லாமல், உள்ளே வருகிறவருக்கு என்ன வேண்டுமோ அதைப் பெயராக்கிவிட்டார்கள்.

ஆனால் எய்ட்ஸ் தடுப்பு வழியாக வந்ததால் பாலியல் கல்விக்கு ஒரு வடுவும் சேர்ந்து வந்தது. 2005-இல் மத்தியக் கல்வி அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. நோக்கம் தொற்றைத் தடுப்பது. எனவே உடம்பு என்றாலே நோய், ஆசை என்றாலே ஆபத்து என்ற தொனி அதற்குள் இருந்தது. மறுபக்கம், படங்கள் ஆபாசம், பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று எதிர்ப்புக் கிளம்பி, 2007 வாக்கில் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உட்படப் பல மாநிலங்கள் அதை நிறுத்தி வைத்தன. 2009-இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பள்ளியில் பாலியல் கல்வி வேண்டாம் என்றே சொன்னது.

அதே 2009-இல் யுனெஸ்கோ இதற்கான சர்வதேச வழிகாட்டியை வெளியிட்டது. 2018-இல் உலக சுகாதார அமைப்பு உள்ளிட்ட ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து அதைத் திருத்தி எழுதியது. சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா என்ற பெற்றோரின் பயத்துக்கு அதில் நேரான பதில் இருக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்தக் கல்வி பாலுறவையோ ஆபத்தான நடத்தையையோ கூட்டவில்லை. பெற்றோரின் அந்தப் பயத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. பெண் பிள்ளையை லயனில் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்க்கு வேறு எந்தப் பாதுகாப்பும் இல்லாதபோது, அறியாமையையே வேலியாக நம்புகிறாள். ஆனால் அந்த வேலி வெளியாளைத் தடுப்பதில்லை. தனக்கு நடப்பது தப்பு என்று தெரியாமல், அதைச் சொல்ல வார்த்தையும் இல்லாமல், பிள்ளை உள்ளேயே மாட்டிக்கொள்கிறது.

இப்போது நடப்பில் இருப்பவை இரண்டு. 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கானது. ஊட்டச்சத்து, மனநலம், போதைப் பழக்கம், வன்முறை இவற்றோடு பாலியல், இனப்பெருக்க நலனும் சேர்ந்தது. இது சுகாதாரத் துறையின் பிள்ளை. 2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் வந்த பள்ளி நலத் திட்டம்தான் இரு அமைச்சகங்களும் சேர்ந்து பெற்ற பிள்ளை. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், முடிந்தால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், நலத் தூதுவர்களாகப் பயிற்சி பெற வேண்டும். வாரம் ஒரு மணி நேரம். மொத்தம் 11 தலைப்புகள்: வளர்ச்சி, மனநலம், உறவுகள், பாலினச் சமத்துவம், போதை, இனப்பெருக்க நலனும் எச்.ஐ.வி. தடுப்பும், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, இணையத்தைப் பத்திரமாகப் பயன்படுத்துவது என்று நீளும்.

பட்டியல் நன்றாகவே இருக்கிறது. பாலியலைத் தனியாகப் பிரித்துப் பயமுறுத்தாமல் சாப்பாடு, தூக்கம், நட்பு, கோபம் இவற்றோடு சேர்த்து வைத்தது 2005-ஐவிடப் பெரிய முன்னேற்றம். ஆனால் மொத்தமே நாலைந்து ஆசிரியர்கள் இருக்கும் மலைப் பள்ளியில் தூதுவராகப் போகிறவர் யார்? அறிவியலும் கணக்கும் எடுத்து, எமிஸ் தளத்தில் மாணவர் பதிவும் போட்டு, தேர்தல் வேலைக்கும் போகிற அதே ஆசிரியைதான். அவர் கூடலூருக்கோ ஊட்டிக்கோ பயிற்சிக்குப் போகும் நாளில் அவர் வகுப்பு சும்மா இருக்கும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மரம் விழுந்தோ மண் சரிந்தோ விடுமுறை விட்டால் முதலில் காணாமல் போவது மதிப்பெண் இல்லாத பாடவேளைதான்.

இதெல்லாம் ஏற்பாட்டுச் சிக்கல். மனம் வைத்தால் தீர்க்கலாம். இரு துறைகளும் உட்கார்ந்து பேசித் தீர்க்காமல் விட்டிருக்கும் உண்மையான முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பிள்ளை தயங்கி நிற்கிறதே, அந்த நிமிஷத்தில்.

"டீச்சர், எனக்கு ரெண்டு மாசமா வரலை." பூப்படைந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. ரத்தசோகையாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம். ஆசிரியை என்ன செய்ய வேண்டும்? பயிற்சி இல்லாவிட்டால் அவர் பயந்து, "அம்மாவைக் கூட்டிட்டு வா" என்பார். பிள்ளை அதற்கப்புறம் வாயே திறக்காது.

இந்தப் பயத்துக்குச் சட்டத்திலும் காரணம் இருக்கிறது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அந்த வயதில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் தலைமையில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. இந்தக் கண்டிப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. குழந்தையைச் சீரழித்தவன் சொந்தக்காரனாக, மேஸ்திரியாக, வாத்தியாராக இருந்தபோதெல்லாம் ஊர் மானம், பள்ளி மானம் என்று மூடி மறைத்த வரலாறு நமக்கு நீளமானது.

ஆனால் அதே சட்டம் பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் விரும்பி ஓடிப்போனாலும் ஒரே மாதிரி பாய்கிறது. லயன்களிலும் பழங்குடி ஊர்களிலும் இது அபூர்வமில்லை. வழக்கப்படி அவர்களைக் கணவன் மனைவியாக ஊர் ஏற்றுக்கொள்ளும். அந்தப் பெண் கருவுற்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், செவிலியர் பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு எண்ணுக்காக வயதைப் பதிகிறார். வயது 18-க்குக் கீழே என்றால் தகவல் போகிறது, வழக்கு வருகிறது, பையன் உள்ளே போகிறான். இதைப் பக்கத்து வீட்டில் பார்த்த அடுத்த பெண் என்ன முடிவெடுப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டாள், அல்லது வயதைக் கூட்டிச் சொல்வாள். அவளுக்குத்தான் மருத்துவர் மற்றவர்களைவிட அதிகம் தேவை. ரத்தசோகையும் வளர்ந்து முடியாத இடுப்பெலும்பும் பதின்வயதுப் பிரசவத்தைக் கடினமாக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். அகில இந்திய அளவான 23.3-ஐவிடக் குறைவுதான். ஆனாலும் எட்டில் ஒருத்தி.

நீதிமன்றங்கள் இந்த முரணைப் பார்க்காமல் இல்லை. விருப்ப உறவில் இருக்கும் பதின்வயதினர் விஷயத்தில் வயதெல்லையை 16 ஆக்குவதைப் பரிசீலிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் சொன்னது, சட்டம் மாறவில்லை. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு வழக்கொன்றில் ஒரு வாசல் திறந்தது. விருப்ப உறவில் கருவுற்ற சிறுமி கருக்கலைப்புக்கு வந்தால், அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தகவல் தரும்போது அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்றது. 2024 செப்டம்பரில், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் மீதான மேல்முறையீட்டில், சிறார் ஆபாசப் படங்களைப் பற்றிப் பேசும்போதே, முழுமையான பாலியல் கல்வி தேவை என்றும் அதற்கு நிபுணர் குழு அமைக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது.

இந்தத் தீர்ப்புகள் கூடலூரில் ஒரு செவிலியரின் மேஜைக்கோ தேவாலாவில் ஓர் ஆசிரியையின் கைக்கோ இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பாக வந்து சேர வேண்டும். என்னைக் கேட்டால், இரு துறைகளின் ஒத்துழைப்பில் முதல் வேலை இதுதான். எதை ஆசிரியர் தனக்குள் வைத்துக்கொள்ளலாம், எதைச் சொல்லியே ஆக வேண்டும், யாரிடம், எந்த வரிசையில் என்பது எழுத்தில் வேண்டும். வகுப்பின் முதல் நாளே ஆசிரியை பிள்ளைகளிடம், "எல்லாத்தையும் ரகசியமா வச்சுக்கிறேன்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது, யாராவது உங்களைக் காயப்படுத்தினா நான் உதவி கேட்டே ஆகணும். ஆனா உங்ககிட்ட சொல்லாம எதையும் செய்ய மாட்டேன்" என்று சொல்லிவிட வேண்டும். நேர்மையாகச் சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். நடுவழியில் ஏமாற்றினால்தான் மன்னிப்பதில்லை.

பையன்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாதி விஷயம் விட்டுப்போகும். பெண் பிள்ளைக்காவது புதுயுகம் திட்டத்தில் நாப்கின் வருகிறது, அதை ஒட்டிச் செவிலியரின் முகம் தெரிகிறது. மஞ்சள் நீராட்டுக்கு அத்தை பாட்டிமார் ஏதோ ஒரு வார்த்தை சொல்கிறார்கள். பையனுக்கு யாரும் இல்லை. தூக்கத்தில் விந்து வெளியேறினால் அவனிடம் இருக்கும் ஒரே பாடம், "விந்து விட்டான் நொந்து கெட்டான்" என்ற பழமொழி. அதற்கு விளக்கவுரை, பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஆண்மைக் குறைவுக்குத் தேதி போட்டு லாட்ஜ் விலாசம் கொடுக்கும் போஸ்டர். மிச்சத்தை செல்போன் சொல்லித் தருகிறது. வளர்ச்சியில் இயல்பாக நடக்கும் ஒன்றுக்காக உடம்பே உருகிப்போகிறது என்று நம்பிச் சாப்பிடாமல் தூங்காமல் கிடக்கும் பையன்கள் இருக்கிறார்கள். மனநல மருத்துவத்தில் இந்தப் பயத்துக்குத் தனிப் பெயரே உண்டு. ஆண் சுகாதார ஆய்வாளர் ஒருவர் மாதம் ஒருமுறை பள்ளிக்கு வந்து பையன்களோடு மட்டும் உட்கார்ந்தால் போதும், பாதிப் பயம் தீர்ந்துவிடும். ஒரு பைசா செலவில்லாத வேலை.

நீலகிரிக்கென்றே இந்தக் கல்வியில் ஒரு பாடம் சேர வேண்டும். சிவப்பணுக்கள் அரிவாள் வடிவாகும் பரம்பரை நோயான அரிவாளணு ரத்தசோகை இந்தியாவில் முதன்முதலில் பதிவானது இந்த மலையில்தான்; 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடியினரிடம் அதைக் கண்டு எழுதினார்கள். அதே ஆண்டு அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் அது கண்டறியப்பட்டது. இந்த மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வாங்கியவருக்குப் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது, தெரியவும் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாளணு ரத்தசோகை ஒழிப்பு இயக்கம் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதித்து அட்டை தருகிறது. அட்டையைக் கையில் வாங்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது தனக்கான சாபச் சீட்டு என்று தோன்றாமல் இருக்க வேண்டுமானால், கரு எப்படி உருவாகிறது, அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் என்ன வருகிறது என்பதை முன்பே அது வகுப்பில் படித்திருக்க வேண்டும். கூச்சப்பட்டு நாம் தாண்டிப் போகும் பக்கம் இங்கே உயிர் காக்கும் பக்கம்.

செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஜார்கண்டைக் காட்டலாம். நீலகிரித் தோட்டங்களில் இன்று கொழுந்து பறிக்கும் பலருக்கு அதுதான் சொந்த ஊர். பல மாநிலங்கள் 2007 வாக்கில் பின்வாங்கியபோது, பழங்குடியினர் நிறைந்த அந்த ஏழை மாநிலம் 2006-இல் தொடங்கிய தன் திட்டத்தை விடவில்லை. 'உடான்', அதாவது பறத்தல், என்று பெயர். கல்வித் துறை முன்னால் நின்றது, எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் துணை நின்றது, ஒரு தொண்டு நிறுவனம் பாடமும் பயிற்சியும் கொடுத்தது. எதிர்ப்பு வரும் என்று தெரிந்தே ஆசிரியர்கள், அதிகாரிகள், பெற்றோரை முன்கூட்டியே பேசிச் சேர்த்துக்கொண்டார்கள். சொல்லை மென்மையாக்கினார்கள், விஷயத்தை விடவில்லை. ஆண்டுக்கொரு முகாமாக இல்லாமல் வழக்கமான பாடவேளையாகவே வைத்தார்கள்.

இங்கேயும் கூடலூர், பந்தலூர் வட்டங்களிலாவது அப்படி ஒன்றைத் தொடங்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தாய்மார்களிடம் பாடத்தை முதலில் நடத்திக் காட்டலாம். அவர்கள் ஒப்புக்கொண்டால் மற்ற எதிர்ப்பு தானே அடங்கும். பணியர், காட்டுநாயக்கர் சமூகங்களிலிருந்தே படித்து வந்த சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அந்த மொழியில் உடம்புக்கு என்ன சொல் மரியாதையானது, எது கேலி என்று அவர்களுக்குத்தான் தெரியும். உறைவிடப் பள்ளி விடுதிக் காப்பாளருக்கும் சமையலக்காவுக்கும் பயிற்சியில் இடம் வேண்டும். இரவு எட்டு மணிக்கு வயிற்றுவலி என்று பிள்ளை போய் நிற்பது அவர்களிடம்தான். செவிலியர் பள்ளிக்கு வரும் நாளும் நேரமும் நிச்சயமாக இருக்க வேண்டும். ரத்தசோகை மாத்திரை கொடுக்கும் நாளோடு அதைச் சேர்த்துவிட்டால், எந்தப் பிள்ளை எதற்காக அந்த அறைக்குள் போகிறது என்று யாருக்கும் தெரியாது.

பிறகு அந்த எண்கள். குழந்தைகளுக்கு 1098, மருத்துவ ஆலோசனைக்கு 104, பள்ளிக் கல்வித் துறையின் 14417, மனநலத்துக்கு 14416. பெரும்பாலும் இவற்றைத் தலைமையாசிரியர் அறை வாசலில் அழகாக எழுதி வைக்கிறோம். அங்கே நின்று படித்தால் எல்லோரும் பார்ப்பார்கள். கழிப்பறைக் கதவின் உள்பக்கம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக எழுத வேண்டும். சிக்னல் கிடைக்காத எஸ்டேட் பள்ளியில் அந்த எண்களுக்குக் கீழே, செவிலியர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த அறையில் இருப்பார் என்று இன்னும் ஒரு வரி.